மூன்று பூஜ்யங்கள்

"இல்லாத சத்தத்த எப்படி நிறுத்த, டீச்சர்?" என்று கேட்டார் சற்குணம்.

ஜெசிந்தா நிமிரவில்லை.

"இல்லைன்னு யாரு சொன்னா?"

"நான்தான் சொல்லுதேன்."

"இருக்குன்னு யாரு சொல்லுதா?"

"இசக்கிமுத்து. வண்டிக்காரன்."

"அப்ப ரெண்டு பேரு இருக்கீங்க" என்றார் ஜெசிந்தா.

சற்குணத்துக்கு ஐம்பத்து நான்கு வயது. தூத்துக்குடியில் கார்களுக்கு ஸ்பீக்கரும், அதற்குச் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற ஆம்ப்பும் பொருத்துகிற கடை வைத்து இருபத்தெட்டு வருடமாகிறது.

ஜெசிந்தாவுக்கு முப்பத்தாறு. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் நடத்திக்கொண்டிருந்தவர். அதை விட்டுவிட்டு, ஒரு டீக்கடைக்கு மேலே மாடியறை எடுத்து, எரிந்துபோன ஆம்ப்களைச் சரிசெய்கிறார். ஊரில் இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். தங்களுக்குப் பிடிபடாதது வந்தால் படியேறி வருவார்கள்.

சற்குணம் அதுவரை ஏறியதில்லை. ஆள் மூலம் பெட்டியைக் கொடுத்தனுப்புவார். சரியானதும் ஆள் மூலம் வாங்கிக்கொள்வார்.

இன்று அவரே வந்திருந்தார். குருவைத் தேடி வரவில்லை. சாட்சி தேடி வந்திருந்தார்.

"வண்டி கீழதான் நிக்குது. ஒரு நிமிஷம் வந்து கேட்டுட்டு, சத்தம் இல்லன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். நீங்க சொன்னா அவன் நம்புவான்."

"அவரு என்ன சொல்லுதாரு?"

"பாட்டுக்குள்ள எஞ்சின் அழுவுதுங்கான். ஆக்ஸிலேட்டர மிதிச்சா அழுகையும் ஏறுதாம். மூணாவது தடவையா வண்டியக் கொண்டாந்து விட்டுட்டான். நானும் மூணு தடவ ஏறி உக்காந்து கேட்டுட்டேன். பாட்டு சுத்தமா இருக்கு."

"அவரு என்ன வேல பாக்காரு?"

"விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். அதான் சொல்லுதேன். ராவும் பகலும் எஞ்சின் பக்கத்துலயே கிடக்கிறவன். அவன் காதுக்குள்ளதான் இரையுது. அவன்ட்டயே சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"போய்க் காது டாக்டரப் பாருன்னு."

"போனாரா?"



"போயிட்டு வந்து காகிதத்தக் காட்டுதான். ரெண்டு காதும் நல்லா இருக்காம். இப்ப இருக்க டாக்டருங்களுக்கும் ஒண்ணும் தெரியல."

ஜெசிந்தா சால்டரிங் அயர்னை அதன் தாங்கியில் வைத்தார். முதல் முறையாக அவரைப் பார்த்தார்.

"எப்ப வாறாரு?"

"அஞ்சு மணிக்கு. இங்கதான் வரச் சொல்லிருக்கேன். சத்தம் நிக்கலன்னா மூணு ஆம்ப்பையும் கழட்டிக் கையில குடுத்திரணுமாம். வேற கடையில மாட்டிக்கிடுவானாம்."

"குடுத்துருங்க."

"அதெப்படிக் குடுக்க? இருபத்தெட்டு வருஷத்துல நான் மாட்டினத இன்னொரு கடைக்காரன் தொட்டதில்ல. எங்கடைக்கு ஆளு வாறதே எங்காதுக்காகத்தான் டீச்சர். சற்குணம் கேட்டுச் சரின்னு சொன்னா சரி. அவ்வளவுதான் என் தொழிலு. அது போச்சுன்னா எங்கிட்ட என்ன இருக்கு?"

ஜெசிந்தா நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

"மூணு ஆம்ப்பா?"

"மூணு. முன் கதவுகளுக்கு ஒண்ணு. பின் கதவுகளுக்கு ஒண்ணு. டிக்கியில அடிச் சத்தம் போடுத வூஃபருக்கு ஒண்ணு."

"கரண்ட்டு?"

"பேட்டரியில இருந்து ஒரே தடி ஒயர். பக்கத்துலயே ஃப்யூஸ். உள்ள வந்ததும் ஒரு கட்டையில மூணாப் பிரிச்சிருக்கேன். அதுல யாரும் குறை சொல்ல முடியாது."

"எர்த்து?"

கரண்ட் போவதற்குத்தான் காரில் தனி ஒயர் தேவை. திரும்பி வருவதற்குக் காரின் இரும்பு உடலே வழி. திரும்புகிற ஒயரை அந்த உடலில் போல்ட் போட்டு முடுக்குகிற இடத்துக்கு எர்த் என்று பெயர்.

"மூணுக்கும் மூணு இடம்" என்றார் சற்குணம். "முன்னால உள்ளதுக்கு சீட் போல்ட்டு. பின்னால உள்ளதுக்கு சீட் பெல்ட் போல்ட்டு. வூஃபருக்கு டிக்கியிலயே. பக்கத்துல எங்க இரும்பு இருக்கோ அங்க. ஒயர் குட்டையா இருக்கணும்லா."

"மூணு இடம்."

"எல்லாம் ஒரே பாடிதானே. இங்க தொட்டாலும் இரும்பு, அங்க தொட்டாலும் இரும்பு."

"கீழ போய்க் கேட்டுட்டு வாங்க" என்றார் ஜெசிந்தா.

"நீங்க வரலையா?"

"நீங்க கேட்டுட்டு வாங்க."

சற்குணம் இறங்கிப் போனார். எஞ்சினைப் போட்டார். கண்ணாடிகளை ஏற்றினார். ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். ஏறி வந்தார்.

"பாட்டு இருக்கு. வேற ஒண்ணும் இல்ல."

"பாட்ட நிறுத்திட்டுக் கேட்டீங்களா?"

மறுபடியும் இறங்கினார். செட்டை ஓடவிட்டு, பாட்டை மட்டும் நிறுத்தினார். சத்தத்தைக் கூட்டி வைத்தார். ஆக்ஸிலேட்டரை மெதுவாக மிதித்தார். விட்டார். மிதித்தார். வெளியே எஞ்சின் உறுமியது. உள்ளே ஒன்றும் இல்லை.

ஏறி வரும்போது மூச்சு வாங்கியது.

"ஒண்ணுமே இல்ல."

"உக்காருங்க."

ஜெசிந்தா அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். அதில் பெரிய குமிழ் ஒன்று இருந்தது. அதை மேஜையிலிருந்த ஒரு சின்ன ஸ்பீக்கரோடு இணைத்தார்.

"இதுல ஒரு சத்தம் வரும். நான் குமிழத் திருப்பத் திருப்ப ஏறும். எப்ப நிக்குதோ அப்பக் கையத் தூக்குங்க."

"எதுக்கு?"

"எதுவரைக்கும் போகுதுன்னு பாக்கணும்."

சற்குணம் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். அன்று காலையிலிருந்து அவருக்குப் பழக்கமான வேலை இப்போதுதான் வந்திருந்தது. கண்களை மூடிக்கொண்டார்.

துறைமுகத்தில் கப்பல் ஊதுவது போல முதலில் வந்தது.

பிறகு மாதா கோயில் ஆர்மோனியம் போல.

பிறகு விசில் போல.

விசில் மெலிந்தது. ஊசியாயிற்று. ஊசியின் முனையாயிற்று.

நின்றது.

சற்குணம் கையைத் தூக்கினார்.

"அவ்வளவுதான்" என்றார், கண்ணைத் திறக்காமலே. "இதுக்கு மேல போகாது. ஸ்பீக்கர் மலிவு சரக்கு."

அப்போது கீழே டீக்கடை வைத்திருக்கிற சேர்மக்கனி இரண்டு டீயோடு வாசலுக்கு வந்தார். உள்ளே கால் வைத்ததும் அவர் முகம் சுருங்கியது. இரண்டு கையிலும் டம்ளர் இருந்ததால் ஒரு தோளைத் தூக்கிக் காதை அடைக்கப் பார்த்தார். டீ சிந்தியது.

"டீச்சர், மொதல்ல அத நிறுத்துங்க. பல்லு கூசுது."

ஜெசிந்தா பெட்டியை அணைத்தார்.

சேர்மக்கனியின் தோள் இறங்கியது.

சற்குணம் கண்ணைத் திறந்திருந்தார். அவர் கை இன்னும் மேலேயே இருந்தது.

"அண்ணாச்சி என்ன, ஓட்டெடுப்பா நடக்கு?" என்றார் சேர்மக்கனி. யாரும் சிரிக்கவில்லை. டம்ளர்களை மேஜையில் வைத்துவிட்டு, சிந்தியதைத் தோள்துண்டால் துடைத்துவிட்டு இறங்கிப் போனார்.

சற்குணம் கையை இறக்கினார். அதை எங்கே வைப்பது என்று தெரியாதது போல மடியில் வைத்தார்.

"இன்னொரு தடவ போடுங்க."

ஜெசிந்தா போட்டார். குமிழ் அதே இடத்தில்தான் இருந்தது.

சற்குணம் ஸ்பீக்கரைப் பார்த்தார். குனிந்து காதை அதன் பக்கத்தில் கொண்டுபோனார். மறு காதைக் கொண்டுபோனார். விரலால் அதன் மேல் தொட்டார்.

"ஓடுதா?"

"ஓடுது."

நிமிர்ந்து உட்கார்ந்தார்.

டீயில் ஆடை படிந்தது.

"பேச்சுக் கேக்குதே" என்றார்.

"கேக்கும்."

"வூஃபர் கேக்குது. மிருதங்கம் கேக்குது."

"கேக்கும்."

"பிறகு என்ன போச்சு?"

"விசிலுக்கு மேல உள்ள சத்தம்."

சற்குணம் ஜன்னலைப் பார்த்தார். எத்தனை வண்டிகள் என்று யோசித்தார். ஒருதடவை வந்துவிட்டுத் திரும்ப வராத ஆட்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். ஊர் மாறிப் போயிருப்பார்கள் என்று நினைத்திருந்தார். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், "சரி விடுங்க அண்ணாச்சி" என்று சாவியை வாங்கிக்கொண்டு போனது ஞாபகம் வந்தது. அன்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

"எவ்வளவு நாளா இப்படி?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"இன்னும் யாருக்கெல்லாம் தெரியும்?"

"சேர்மக்கனிக்குத் தெரியாது. அவருக்குப் பல்லு கூசினதுதான் தெரியும்."

சற்குணம் ஆடை படிந்த டீயைத் தள்ளி வைத்தார்.

"கடைய மூடிரவா?"

ஜெசிந்தா மேஜை இழுப்பறையைத் திறந்து, வோல்ட் அளக்கிற மல்டிமீட்டர் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"வண்டி இன்னும் அழுதுக்கிட்டுதான் நிக்குது."

"கேக்காததத் தேடி நான் எங்க போக?"

"ஒரு ஆம்ப்போட எர்த்துல மீட்டரோட ஒரு முனை. இன்னொரு ஆம்ப்போட எர்த்துல மறு முனை. எஞ்சின் ஓடணும்."

"ரெண்டும் ஒரே பாடிதானே. ஜீரோதான் காட்டும்."

"காட்டினா வந்து சொல்லுங்க."

சற்குணம் இறங்கினார்.

எஞ்சினை ஓடவிட்டு, பின் சீட்டை மடக்கி, உள்ளே மண்டியிட்டார். முன் ஆம்ப்பின் எர்த்தில் ஒரு முனையை வைத்தார். வூஃபர் ஆம்ப்பின் எர்த்தில் மறு முனையை வைத்தார்.

மீட்டர் ஜீரோ காட்டவில்லை.

சின்ன எண்தான். ஒரு வோல்ட்டில் கால் பங்குகூட இல்லை. எழுந்து போய் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு வந்து பார்த்தார். எண் கூடியிருந்தது. முன் ஆம்ப்புக்கும் பின் ஆம்ப்புக்கும் நடுவே வைத்துப் பார்த்தார். அங்கே வேறு எண். அந்த எண்ணும் ஓரிடத்தில் நிற்காமல் துடித்துக்கொண்டிருந்தது.

அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏறி வந்தார்.

"ஜீரோ இல்ல."

"ம்."

"ஒவ்வொண்ணும் ஒரு கணக்குச் சொல்லுது."

"அததுக்கு அது முடுக்கின இடம்தான் ஜீரோ. அதுல இருந்துதான் அது மத்ததெல்லாம் அளக்கும். ஒண்ணு தப்புன்னு இன்னொண்ணுக்குத் தோணும். அந்த வித்தியாசத்தத்தான் மூணும் சேந்து பெருசாக்கிப் பாடுது."

சற்குணம் யோசித்தார்.

"இதுல எது உண்மையான ஜீரோ?"

"உண்மையான ஜீரோ அந்த வண்டியில எங்கயுமே கிடையாது, அண்ணாச்சி."

"பிறகு?"

"மூணும் ஒரே இடத்த நம்பினாப் போதும்."

சற்குணம் ஸ்பானரையும் உப்புத்தாளையும் எடுத்துக்கொண்டு வேலையில் இறங்கினார்.

சீட் போல்ட்டைக் கழற்றினார். கடற்காற்றில் அதன் அடியில் துரு பூத்திருந்தது. பெல்ட் போல்ட்டைக் கழற்றினார். அதன் அடியில் பெயிண்ட் சுரண்டப்படவில்லை. தன் கடை ஆட்களை இதற்காக எத்தனையோ தடவை ஏசியிருக்கிறார். இதை முடுக்கியது அவர் கைதான்.

டிக்கியின் தரையில் கெட்டியான ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்தார். அங்கே பெயிண்ட்டை வெள்ளி தெரிகிற வரை தேய்த்தார். எர்த்தின் மூன்று கறுப்பு ஒயர்களையும் நீளம் சேர்த்து இழுத்துவந்து, அந்த ஒரே இடத்தில், ஒரே போல்ட்டில் முடுக்கினார். நாலரை மணி ஆகியிருந்தது.

மீட்டரை வைத்தார். ஜீரோ. இடம் மாற்றி வைத்தார். ஜீரோ. ஹெட்லைட்டைப் போட்டார். ஜீரோ.

இந்தத் தடவை படி ஏறியது தெரியவில்லை.

"ஜீரோ, டீச்சர். மூணும் ஜீரோ."

"சரி."

"அவன்ட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம். எர்த்து லூசா இருந்துது, சரி பண்ணிட்டேன்னு சொல்லி அனுப்பிருவேன். அது பொய்யும் இல்ல."

சற்குணம் மீட்டரைத் தூக்கிக் காட்டினார்.

"இனிமே எல்லா வண்டிக்கும் இதையே வச்சுப் பாத்துருவேன். எனக்குக் கேட்டா என்ன, கேக்காட்டா என்ன? இது இருக்கே."

ஜெசிந்தா கையை நீட்டினார். எண்ணைப் பார்க்கத்தான் கேட்கிறார் என்று நினைத்து சற்குணம் மீட்டரைக் கொடுத்தார்.

ஜெசிந்தா அதை இழுப்பறையில் போட்டு மூடினார். சால்டரிங் அயர்னை எடுத்துக்கொண்டு, பாதியில் விட்டிருந்த ஆம்ப்பின் மேல் குனிந்தார்.

"டீச்சர்?"

"அஞ்சாகப் போவுது."

சற்குணம் மூடிய இழுப்பறையைப் பார்த்தார். பிறகு இறங்கிப் போனார்.

இசக்கிமுத்து முன்னதாகவே வந்திருந்தான். முப்பது வயதிருக்கும். நகக்கண்களில் டீசல் கறுப்பு. யாரோடும் சண்டைக்கு வந்த முகமாக இல்லை. அலுத்துப்போன முகமாக இருந்தது.

"ஆச்சா அண்ணாச்சி?"

"ஏறிக் கேட்டுப் பாரு."

இசக்கிமுத்து ஏறி எஞ்சினைப் போட்டான். பாட்டைப் போடவில்லை. வெறும் செட்டை ஓடவிட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தான். சற்குணம் திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தார்.

"கொறஞ்சிருக்கு" என்றான் இசக்கிமுத்து. "நல்லாவே கொறஞ்சிருக்கு அண்ணாச்சி."

சற்குணம் கதவிலிருந்து கையை எடுத்தார்.

"ஆனா இருக்கு."

டீக்கடைப் பெஞ்சில் நான்கு பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் சற்குணத்தின் கடைக்கு இரண்டு கடை தள்ளி சீட் கவர் தைக்கிறவர். சேர்மக்கனி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்.

இல்லையே என்ற சொல் சற்குணத்தின் வாய்வரை வந்தது. மீட்டர் ஜீரோ காட்டியது என்ற பேச்சும் அதன் பின்னாலேயே வந்தது.

"எனக்கு அது கேக்கல" என்றார்.

"நல்லாக் கவனிங்க. இந்தா, மிதிக்கேன்." எஞ்சின் ஏறியது. "இந்தா ஏறுதுல்ல? கீய்ங்னு?"

"கவனிச்சாலும் கேக்காது. அந்தச் சத்தம் எங்காதுக்கு வாறதில்ல. எவ்வளவு நாளா வரலன்னும் தெரியல. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

டம்ளர் கழுவுகிற சத்தம் நின்றது. சீட் கவர்க்காரர் திரும்பிப் பார்த்தார்.

இசக்கிமுத்துவும் பார்த்தான்.

"என்னையக் காது டாக்டர்ட்டப் போகச் சொன்னீங்க."

"ஆமா."

"நானும் போனேன். ஒரு நாள் வேலையப் போட்டுட்டு."

"ஆமா."

இசக்கிமுத்துவின் கை சாவிக்குப் போனது. சற்குணம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பானர் டிக்கியில் இருந்தது. மூன்றையும் கழற்ற அரை மணி நேரம் ஆகும் என்று நினைத்துக்கொண்டார். தானே கழற்றிக் கொடுத்துவிடலாம் என்றும் நினைத்தார்.

சாவி திரும்பவில்லை.

"சரி, இப்ப நான் என்ன செய்யணும்?" என்றான் இசக்கிமுத்து.

"நீங்க ஆக்ஸிலேட்டர விட்டுராதீங்க" என்றார் சற்குணம். அவனை நீங்க என்று சொன்னதை அவர் கவனிக்கவில்லை. "நான் பின்னால போய் ஒவ்வொரு ஒயராத் தொடுதேன். சத்தம் கூடுதா கொறையுதான்னு மட்டும் சொல்லுங்க."

பின் கதவைத் திறந்து உள்ளே கவிழ்ந்து படுத்தார். தரை விரிப்பை உரித்தார். கரண்ட் போகிற தடி ஒயரும் பாட்டு போகிற மெல்லிய ஒயரும் அங்கே ஒன்றாக ஓடின. இரண்டையும் ஒரே கட்டாக, சாணுக்கு ஒரு டேப் போட்டு, பார்க்க அழகாகச் சுற்றியிருந்தார். ஒட்டி ஓடினால் தடி ஒயரின் இரைச்சல் மெல்லியதில் ஏறிவிடும். அவருடைய வேலை என்று பார்த்த உடனே சொல்லிவிடலாம்.

டேப்புகளை அறுத்தார். மெல்லிய ஒயரைத் தனியாகப் பிரித்துத் தூக்கினார்.

"இப்ப?"

"இருக்கு."

இடது பக்கம் தள்ளினார்.

"இப்ப?"

"கூடுது, கூடுது."

மறுபக்கம் கொண்டுபோனார். சீட்டுக்கடியில் கையை நுழைத்தார். கன்னம் தரையில் அழுந்தியது.

"இப்ப?"

"இருக்கு. ஆனா கொறையுது."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம். அந்தப் பக்கம்தான்."

கை எட்டுகிற வரை நீட்டினார். தோள் இரும்பில் இடித்தது. விரல் நுனியில் ஒயரைப் பிடித்திருந்தார்.

"இப்ப?"

பதில் இல்லை.

அவருக்கு எஞ்சின் மட்டும் கேட்டது. தரையின் அதிர்வு கன்னத்தில் தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை.

"தம்பி? இப்ப எப்படி இருக்கு?"

"கைய எடுத்துராதீங்க அண்ணாச்சி" என்றான் இசக்கிமுத்து.